அந்தரத்தில் குட்டி நத்தை

எங்கள் ஸ்டூடியோவில் எனக்குக் கத்திரி என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம்தான். நான் லிஃப்டில் கால் வைத்தால் போதும், "கத்திரி மேல வருது" என்று மூன்றாவது மாடிக்குத் தகவல் போய்விடும். கார்ட்டூன் படங்களின் கதையைப் பிரித்துப் போட்டு, எது தாங்குகிறது, எது சும்மா தொங்குகிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. சும்மா தொங்குவதை எடுத்துவிடச் சொல்வேன். வரைகிறவர்கள் உயிரைக் கொடுத்து வரைந்த பூனை, மரம், பக்கத்து வீட்டு மாமா எல்லாம் என்னுடைய ஒரு பக்க அறிக்கையில் காணாமல் போயிருக்கிறார்கள். என்னை யாருக்குத்தான் பிடிக்கும்?

இந்த முறை டைரக்டர் என் தம்பி. படம் ஒரு நத்தைக் குடும்பத்தைப் பற்றியது. ஒரு பூந்தொட்டிக்கு அடியில் அப்பா, அம்மா, அக்கா, குட்டி என்று நாலு நத்தைகள். ஞாயிற்றுக்கிழமை காலை புல் வெட்டும் மெஷின் வரப்போகிறது. அதற்குள் தோட்டத்தின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர வேண்டும். தூரம் இருபதடி, படம் தொண்ணூற்றாறு நிமிடம். அப்பா நத்தைக்கு எல்லா வழியும் தெரியும், யாரிடமும் கேட்க மாட்டார். அதனால் கிளம்பிய பூந்தொட்டியையே மூன்று முறை சுற்றி வருவார்கள். அம்மா நத்தை பாதி வழியில் நின்று, வீட்டைப் பூட்டினோமா என்று பதறுவாள். வீடு அவள் முதுகில் இருக்கும். குட்டிதான் ஹீரோ. உலகத்திலேயே வேகமான நத்தை தான்தான் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

இது எங்கள் வீட்டுக் கதை என்பது ஸ்டூடியோவில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் வீடு மாறியபோது எனக்குப் பதினான்கு வயது, தம்பிக்கு நாலு. அப்பா சொன்ன குறுக்கு வழியில் வண்டி சேற்றில் புதைந்துகொண்டது. மிச்ச தூரத்தை மழையில் நடந்தே போனோம். தம்பியை நான்தான் முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தேன். அதற்கப்புறமும் இறக்கினேனா என்றால், இல்லை. அவன் காலேஜில் சேர்ந்தது, வேலை மாறியது, முதல் படம் படுத்துக்கொண்டபோது பத்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது, எல்லாவற்றுக்கும் ஓடியவள் நான். இன்றைக்கும் காலையில் போன் போட்டு எழுப்புகிறேன். டைரக்டர் சார் வந்துகொண்டே இருக்கிறார் என்று மீட்டிங்கில் வாய் கூசாமல் பொய் சொல்கிறேன். அப்பா இப்போது இல்லை, அம்மா என்னோடு இருக்கிறாள். எனக்கு நாற்பத்து நாலு வயது.

தயாரிப்பாளர் படத்தின் முதல் வடிவத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அந்த நிலையில் எல்லாம் பென்சில் படங்களும் எங்கள் ஆட்களே பேசிய தற்காலிகக் குரல்களும்தான்.

"படம் நல்லாருக்கு மேடம். பதினோரு நிமிஷம் மட்டும் அதிகமா இருக்கு. அது எந்தப் பதினோரு நிமிஷம்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

கதை அறைச் சுவரில் அறுபத்து நாலு கார்டுகள் குத்தியிருந்தன, ஒரு காட்சிக்கு ஒன்று, நாலு வரிசை. முதல் வரிசை, ஏன் கிளம்புகிறார்கள். இரண்டாவது, எப்படி வழி தப்புகிறார்கள். மூன்றாவது, சண்டை போட்டுப் பிரிகிறார்கள். நாலாவது, சேர்கிறார்கள். குடும்பக் காமெடியில் இதற்கு மேல் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதம், அந்தப் பிடிவாதங்கள் ஒன்றோடொன்று முட்ட வேண்டும், அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு சோதனை உண்டு. ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அது வருகிற கார்டுகளில் எல்லாம் அதன் முகத்தின் மேல் மஞ்சள் சீட்டு ஒட்டி மறைத்துவிடுவேன். பிறகு முதல் கார்டிலிருந்து கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடப்பேன். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே அந்தப் பாத்திரம் வேண்டும். கடைசி வரை தடுக்கவே இல்லை என்றால் அது ஊருக்குப் போகலாம்.

அப்பாவை மறைத்தேன். இரண்டாவது வரிசையிலேயே கதை பொத்தென்று விழுந்தது, வழி தப்ப ஆளில்லை. அம்மாவை மறைத்தேன். பூட்டாத வீட்டுக்காகத் திரும்பிப் போகும் சண்டை வரவில்லை, மூன்றாவது வரிசை போச்சு. குட்டியை மறைத்தால் படமே கிடையாது. பிறகு அக்காவை மறைத்தேன். அவள் முப்பத்தொரு கார்டில் இருந்தாள். முப்பத்தொரு மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டு நடந்தேன். முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது. நாக்கு ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. கடைசிக் கார்டில் குடும்பம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

மறுபடி முதலிலிருந்து நடந்தேன். அதே கதிதான். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். டீ போட்டேன், குடிக்க மறந்தேன். கார்டுகளின் பின்பக்கத்தில் தம்பி எழுதியிருந்த குறிப்புகளைப் புரட்டினேன். அக்கா குட்டியைச் சுமக்கிறாள். "பாத்துடா" என்கிறாள். அப்பாவுக்குத் தெரியாமல் எறும்பிடம் வழி கேட்டு வைத்துக்கொள்கிறாள், அதை யாரும் அவளிடம் கேட்பதில்லை. பெருமூச்சு விடுகிறாள். பெருமூச்சு மட்டும் ஏழு இடத்தில் இருந்தது. நான் அவ்வளவா பெருமூச்சு விடுகிறேன்?

அவளுக்காக மட்டும் ஓடுகிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். சொல்லிவைத்த மாதிரி பதினோரு நிமிடம்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வேறு யாருடைய படமாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பேன். இதையும் எழுதினேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. இதைப் படித்ததும் அவன் குதிப்பான் என்று எனக்குத் தெரியும். அவளை எடுத்துட்டா படமே வேணாம் என்று கத்துவான். அதைக் கேட்க வேண்டும் போலிருந்தது. அதற்காகவே எழுதினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

தம்பி என் மேஜை விளிம்பில் உட்கார்ந்து அறிக்கையைப் படித்தான்.

"அக்காவையா எடுக்கச் சொல்ற?"

"சோதனையில நிக்கல. நீயே வேணும்னா மறைச்சுப் பாரு."

எழுந்து போய் சுவரைப் பார்த்தான். முப்பத்தொரு மஞ்சள் சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். என் கால் மேஜைக்கடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"கதை அவ இல்லாமலே ஓடுதுன்னு நிச்சயமா சொல்றியா?"

"ஓடுது."

"சரிக்கா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

என் டிராயரைத் திறந்து இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும். மூன்று மாடியையும் படியேறி இறங்கினேன். ஒரு பெருமூச்சு வந்தால்கூடப் பாதியில் விழுங்கினேன். போன் அடிக்கும்போதெல்லாம், இதோ கேட்கப் போகிறான், யோசிச்சுப் பாத்தேன்க்கா, வேணாம்க்கா என்று சொல்லப் போகிறான் என்று எடுத்தேன். செவ்வாய்க்கிழமை உண்மையிலேயே அவன்தான்.

"அக்கா, என் நீலச் சட்டை எங்கக்கா?"

"உன் கதவுக்குப் பின்னாடி தொங்குது."

"ஆமா, இங்கதான் இருக்கு" என்று வைத்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. மாடிப்படியில் எதிரே வந்த பெயிண்டிங் செக்ஷன் பெண்ணிடம், காரணமே இல்லாமல், செருப்புச் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை காலை ஒரு சின்னத் தியேட்டரில் படத்தைக் குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்குள் அக்கா இல்லாத வடிவம் தயாராக வேண்டும். படங்களையும் குரலையும் சேர்த்து ஒட்டித் தருகிறவரை நாங்கள் ஒட்டுக்காரர் என்று கூப்பிடுவோம். எங்கள் வேலையில் ஒவ்வொரு பாத்திரத்தையும் தனித்தனி லேயரில் வரைவோம், கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவது மாதிரி. ஒரு லேயரை அணைத்தால் அந்தப் பாத்திரம் மட்டும் மறைந்துபோகும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். ஒட்டுக்காரர் அக்கா மட்டும் வருகிற இடங்களை வெட்டி, மிச்ச இடங்களில் அக்கா லேயரை அணைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் ரீலை என் கம்ப்யூட்டருக்கு அனுப்பினார். எந்த ரீலும் என் கண்ணில் படாமல் வெளியே போகாது. பதினெட்டு வருடமாக அதுதான் வழக்கம்.

நான் அதைத் திறக்கவில்லை. நான் இல்லாமல் எங்கள் குடும்பம் ஜோராக ஊர்ந்து போவதை உட்கார்ந்து பார்க்க எனக்கு மனசு வரவில்லை. 'பார்த்தாயிற்று, சரி' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

தியேட்டரில் எண்பது பேர் இருந்தார்கள். பாதி பேர் கால் தரையில் எட்டாத குழந்தைகள். அம்மா என் பக்கத்தில், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. தம்பி நாலு வரிசை முன்னால், நீலச் சட்டையில். பூந்தொட்டியைச் சுற்றும் காட்சிக்குச் சிரித்தார்கள். வீட்டைப் பூட்டும் காட்சிக்கு அம்மாக்கள் அதிகமாகச் சிரித்தார்கள். எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு தண்ணீர் தேங்கிய இடத்தைக் கடக்கும் காட்சி வந்தது.

திரையில் அப்பா நத்தை ஊர்ந்தது, பின்னால் அம்மா நத்தை ஊர்ந்தது. அதற்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காற்றில், குட்டி வந்துகொண்டிருந்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தண்ணீரில் தொடங்கி அக்காவின் முதுகில் உட்கார்ந்திருக்கிற மாதிரி வரைந்த குட்டி அது. அக்கா லேயரை அணைத்ததும் அவன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டான். அந்தரத்தில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, "நான்தான் முதல்ல! நான்தான் முதல்ல!" என்று கத்திக்கொண்டே போனான்.

பிறகு ஒரு சின்னக் குரல், "அப்பா, அது ஏன் பறக்குது?" என்று கேட்டது. அவ்வளவுதான், கொட்டகை அதிர்ந்தது. அதன் பிறகு குட்டி எப்போது தலை காட்டினாலும் சிரிப்புதான். அப்பா நத்தை மூச்சு வாங்கிக்கொண்டு மேடு ஏறும், பின்னால் மகன் சும்மா மிதந்து வருவான். அம்மா நத்தை, "எல்லாரும் கஷ்டப்படறோம் பாரு" என்று சொல்லும்போது அவன் ஆகாயத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவான். பின்வரிசையில் ஒருவருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. நான் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓடலாம் போலிருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டிருந்தேன், இரண்டு பக்கமும் முழங்கால்கள்.

மூன்றாவது வரிசைக் கார்டுகளில் ஒரு காட்சி உண்டு. சண்டை போட்டு எல்லோரும் பிரிந்த பிறகு, குட்டி அக்காவின் கழுத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போவான். இப்போது அவன் ஒன்றுமில்லாத இடத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கினான். அவன் எச்சில் ஒன்றுமில்லாத இடத்தில் வழிந்து இறங்கியது. அதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அம்மா என் கையைப் பிடித்தாள்.

"ஏன்டி, இதுல நீ எங்க?"

"எடுத்தாச்சும்மா."

"எவன் எடுத்தான்?"

"நான்தான்."

"உனக்கென்ன கிறுக்கா?" என்றாள் அம்மா. பிறகு படம் முடிகிற வரைக்கும் என் கையை விடவில்லை. முன்னால் தம்பியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவனும் சிரிக்கிறான் என்று நினைத்தேன்.

படம் முடிந்ததும் தயாரிப்பாளர் வராந்தாவில் எங்களைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பறக்கிற நத்தை! எங்கே வெச்சிருந்தீங்க இந்த ஐடியாவை?" என்றார்.

ஒட்டுக்காரர் முகம் செத்துப்போய் நின்றார். "குட்டியைத் தரைக்கு இறக்கி வரையச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல சார். மேடம் பாத்துட்டு சரின்னு போட்டிருந்தாங்க. மேடம் பாத்தா தப்பு இருக்காதுன்னு நானும் அனுப்பிட்டேன்."

"நான் பாக்கல" என்றேன். "பாக்காமலே சரின்னு போட்டேன். தப்பு என்னோடது."

"நல்லதாப் போச்சு மேடம், இனிமேலும் பாக்காதீங்க!" என்று தயாரிப்பாளர் என் முதுகில் தட்டாத குறை. "டைரக்டர் சார், இதையே வெச்சுக்கலாம். பதினோரு நிமிஷமும் மிச்சம். திங்கக்கெழமை முடிவு சொல்லுங்க."

அம்மாவைக் கீழே வண்டியில் உட்கார வைத்துவிட்டு, நானும் தம்பியும் கதை அறைக்கு வந்தோம். லீவு நாளானதால் மாடியில் யாரும் இல்லை. மஞ்சள் சீட்டுகள் அப்படியே இருந்தன.

"ஏன்க்கா பாக்கல நீ?" என்றான்.

இதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "ஏன் பாக்கணும்? நீ வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன்டா. ஒரு வார்த்தை. அக்காவை எடுக்கக் கூடாதுன்னு ஒரே ஒரு வார்த்தை. நீ பாட்டுக்கு ரெண்டு பிஸ்கட்டை எடுத்துட்டுப் போனே. ஏழு நாளா நான் பைத்தியக்காரி மாதிரி படியேறி இறங்கறேன்!"

அவன் கண் சிவந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். தியேட்டரில் குலுங்கியது சிரிப்பால் இல்லை.

"நான் வேற மாதிரி நெனச்சேன்க்கா" என்றான். "நீ அதைக் கையில குடுத்தப்போ, எங்களைத் தூக்கித் தூக்கி இவளுக்கு அலுத்துப்போச்சு, வாயால சொல்ல முடியாம எழுதிக் குடுக்கறான்னு நெனச்சேன். வேணாம்னு சொன்னா திரும்ப உன் முதுகுல ஏறின மாதிரி ஆயிடுமேன்னுதான் சரின்னேன்."

அப்படியெல்லாம் இல்லடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். திரும்பி நடந்தேன். மறுபடியும் சொல்லப் பார்த்தேன்.

"ஆமாண்டா" என்றேன். "அலுத்துத்தான் போச்சு."

சொன்னதும் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். "என்னை எடுத்துட்டா நீ கீழ விழுவேன்னு பாத்தேன். நீ என்னடான்னா பறக்கற. எண்பது பேரு கைதட்டறாங்க."

"பறக்கலக்கா. கீழ ஒண்ணும் இல்லாம தொங்கிட்டிருந்தேன். எனக்குப் பாக்கவே முடியல."

பிறகு அவன் சுவருக்குப் போய் மஞ்சள் சீட்டுகளை உரிக்க ஆரம்பித்தான். பத்துப் பன்னிரண்டு உரித்த பிறகு நின்றான்.

"ஆனா உன் சோதனை தப்பு சொல்லலக்கா. அப்பாவுக்கு, தான் சொல்ற வழி சரின்னு இருக்கணும். அம்மாவுக்கு வீட்டைப் பூட்டணும். குட்டிக்கு முதல்ல போகணும். இவளுக்கு என்ன வேணும்னு நான் எந்தக் கார்டுலயுமே எழுதல. இவளுக்கு என்னதான் வேணும்?"

பதினெட்டு வருடமாக ஊரார் கதைக்கெல்லாம் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான். உட்கார முடியவில்லை, எழுந்தேன். வெற்றுக் கார்டு ஒன்றை எடுத்தேன். எனக்கு வரைய வராது. நான் வரைந்த நத்தைகள் இரண்டும் பொரித்த வடாம் மாதிரி இருந்தன, ஆனால் இரண்டும் தரையில் இருந்தன. அந்தக் கார்டை மூன்றாவது வரிசைக்கும் நாலாவது வரிசைக்கும் நடுவில் குத்தினேன்.

"இந்த இடத்துல இறக்கி விடறா."

"நடுவழியிலயா? மெஷின் வருமே!"

"வரட்டும். நீ ஊர்ந்து போ."

"அக்கா, அந்தத் தண்ணியைத் தாண்டினதுலேர்ந்து குட்டி ஒரு அடிகூடத் தானா நடந்ததில்ல."

"அதனாலதான்."

அவன் அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து, நான் வரைந்த பெரிய நத்தையின் மேல் ஒட்டினான். முதல் கார்டிலிருந்து கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தான். குட்டி தரையில் நிற்கிற இடத்துக்கு வந்ததும் அவன் நாக்கு தடுக்கியது. இன்னொரு முறை நடந்தான். அதே இடத்தில் தடுக்கியது.

"போக மாட்டேங்குது" என்றான். "இவ இல்லாம இதைத் தாண்டிப் போக மாட்டேங்குதுக்கா."

எனக்கு உடம்பெல்லாம் லேசானது மாதிரி இருந்தது. சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

அவன் உடனே திரும்பினான். "அப்போ பதினோரு நிமிஷத்துக்கு எங்க போறது? இந்த சீன் வேற ரெண்டு நிமிஷம் வரும். தயாரிப்பாளர் பறக்கறதுதான் வேணும்பார். அவர்கிட்ட நீ கொஞ்சம்—"

"நீ பேசு" என்றேன். "எதை எடுக்கணுங்கறதும் உன் பாடு."

கைப்பையை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனேன். திரும்பிப் பார்த்தேன். அறுபத்தைந்து கார்டுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு, எங்கே தொடங்குவதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியும். ஒன்பதாவது கார்டு, இருபத்திரண்டு, பிறகு வழியில் ஒரு தவளை வருகிற காட்சிகள் முழுக்க. எல்லாவற்றையும் எடுத்தால் பதிமூன்று நிமிடம் கச்சிதமாக வந்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

சொல்லாமல் படியிறங்கினேன்.